முதியோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? நெல்லைப் பக்கத்துப் புதுத் தன்னார்வலர்களுக்கு

எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். அம்பாசமுத்திரம் பக்கம், வீட்டுக்கு வீடு பீடித் தட்டு கிடக்கும் ஊர் எங்களுடையது. முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். பத்தாம் நாள் ஐந்து பேர். ‘கிழடுகளுக்கு இனி என்ன ஏறப் போகுது’ என்று ஊரில் பேச்சு. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்பது எனக்கே புரிய ஒரு வருடம் ஆனது.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கற்றுக்கொள்ள வழிகள் இருக்கின்றன. ஆனால் பள்ளியில் கொஞ்சம், ஒன்றியத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வளமையத்தில் கொஞ்சம், செல்போனில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. எதை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் நான் அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம்.

1. பக்கத்துப் பள்ளியில் ஆரம்பியுங்கள்

இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. 2022 முதல் 2027 வரை என்று வகுத்திருக்கிறார்கள். ‘உல்லாஸ்’ என்பதும் இதே திட்டம்தான், வேறொன்று என்று தேடிப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது.

ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை பஸ் ஏறிப் போனேன். மூன்று முறையும் ‘உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கேளுங்க’ என்ற ஒரே பதில். அதை முதல் முறையே நான் நம்பியிருக்கலாம். கற்போர் மையம் பெரும்பாலும் அரசுப் பள்ளியில்தான் நடக்கிறது, தலைமையாசிரியரைக் கேட்டால் போதும். அவருக்கு மேலே வட்டார வளமையத்தில் இதற்குப் பொறுப்பான ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் இருப்பார். அவர் செல்போன் எண்ணை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேட்டவை: ஆதார் நகல், பத்தாம் வகுப்புச் சான்றின் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், செல்போன் எண். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, இது சம்பளமில்லாத வேலை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்ததை நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். அது குழந்தைகளுக்கான வேறு திட்டம். இங்கே ஊக்கத்தொகை கிடையாது. இன்னொன்று, ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கத்தில் இருப்பவர்கள் நெல்லைக்கு வர வேண்டாம். 2019 நவம்பரிலிருந்து உங்களுக்குத் தென்காசிதான் மாவட்டம்.

2. பெயர்ப் பதிவில் அவசரம் வேண்டாம்

உல்லாஸ் செயலியில் கற்போரும் தன்னார்வலரும் தனித்தனியே பதிவாக வேண்டும், பிறகு இருவரையும் இணைக்க வேண்டும். இந்த இணைப்பு விட்டுப்போனால், வகுப்பு எடுத்தது நீங்கள் என்பதற்குச் செயலியில் அடையாளமே இருக்காது. பதிவு செய்பவர் பள்ளியில் யாராவது ஒரு ஆசிரியராக இருப்பார், அவருக்கு ஆயிரம் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் உங்கள் பெயருக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

கற்போர் பெயரை ஆதாரில் உள்ளபடியே கொடுங்கள். எங்கள் ஊரில் ‘பேச்சி’ என்று எல்லோரும் கூப்பிடும் ஆச்சிக்கு ஆதாரில் பேச்சியம்மாள். நான் வாயில் வந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். சான்றிதழ் ‘பேச்சி’ என்று வந்தது. முதன்முதலாகத் தன் பெயரைத் தானே படித்த ஆச்சி, ‘இது நான் இல்லையே’ என்றாள். படிக்கக் கற்றுக்கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பரிசு அதுதான்.

3. பயிற்சி நாளில் வாயைத் திறங்கள்

எனக்குக் கிடைத்த பயிற்சி ஒரே ஒரு நாள். பத்தரைக்கு ஆரம்பித்தது. பதிவேட்டை நிரப்புவது எப்படி என்பதிலேயே மதியச் சாப்பாடு வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு திட்டத்தின் ஐந்து கூறுகளைத் திரையில் காட்டினார்கள்: அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும், வாழ்க்கைத் திறன்கள், தொழில்திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி. எழுதிக்கொண்டு வந்தேன். மறுநாள் வகுப்பில் பென்சிலைப் பிடிக்கவே வராத ஒரு சித்தியின் முன்னால் அந்த ஐந்தும் எனக்கு உதவவில்லை.

பயிற்றுநர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் விஷயம் இருக்கிறது, கேட்டால்தான் வெளியே வரும். பின்னால் நான் தேடித் தேடித் தெரிந்துகொண்டவற்றை நீங்கள் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். எந்த எழுத்தில் ஆரம்பிப்பது, ஏன் அதில்? இருபது பேரில் ஐந்து பேர் ஓரளவு படிப்பவர்களாகவும் மற்றவர்கள் பென்சிலே பிடிக்காதவர்களாகவும் இருந்தால் வகுப்பை எப்படிப் பிரிப்பது? இடையில் பத்து நாள் வராமல் போனவரை எங்கே சேர்ப்பது? பழைய தேர்வு வினாத்தாள் ஒன்று கிடைக்குமா? முக்கியமாக, ‘ஒரு பதினைந்து நிமிடம் நீங்களே எங்களுக்குப் பாடம் எடுத்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். எடுத்துக் காட்டச் சொன்னால் கோபப்படுபவர்கள் உண்டு. சந்தோஷப்படுபவர்கள் அதைவிட அதிகம்.

மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் நாங்குநேரி வட்டத்தில் முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. அங்கே ஏதாவது பயிற்சிக்கு அழைப்பு வந்தால் தவறவிடாதீர்கள். ஆனால் திரும்பி வரும் கடைசி பஸ்ஸை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

4. செல்போனில் திக்ஷா

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு முதியோர் எழுத்தறிவுக்கென்று உருவாக்கிய பாடங்களும் காணொளிகளும் திக்ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கொஞ்சம் இழுவைதான். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன், குற்றமில்லை.

உங்கள் பெயரில் தனிக் கணக்கு திறங்கள். தம்பி கணக்கிலோ பள்ளிக் கணக்கிலோ பார்த்தால் சான்றிதழ் அந்தப் பெயரில் வந்து நிற்கும். சான்றிதழ் தரும் பாடங்களில் ஒவ்வொரு பகுதியையும் கடைசி நொடி வரை ஓடவிட்டால்தான் முடிந்ததாகக் காட்டும். 98 சதவீதத்தில் நின்றுபோய் மண்டை காய்ந்தது எனக்கு. வந்த சான்றிதழை உடனே இறக்கி மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள்.

5. வகுப்புக்கு முன்னால் கண்

இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை. நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் படிக்காதவருக்கு அது தெரியவே வழியில்லை, கிட்டத்தில் வைத்துப் படிக்க அவருக்கு எதுவும் இருந்ததில்லையே. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். அவர் முன்னால் எழுத்துப் புத்தகத்தை வைத்துவிட்டு, ‘இது என்ன ஆச்சி?’ என்று நான் நான்கு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்ததைச் சோம்பல் என்று நினைத்தேன்.

முதல் வாரத்திலேயே ஒரு சோதனை: புத்தக எழுத்தளவில் ஒரு வட்டம், ஒரு கட்டம், ஒரு பெருக்கல் குறி எழுதி, மூன்றும் ஒன்றா வேறா என்று கேளுங்கள். தடுமாறினால் கண். அரவிந்த் கண் மருத்துவமனை நெல்லையில் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. ஊரில் கண் முகாம் நடக்கும் தேதியைப் பஞ்சாயத்தில் கேட்டு வையுங்கள். கண்ணாடி போட்ட மறு வாரம் என் வகுப்பில் மூன்று பேர் ‘மக்கு’ப் பட்டத்திலிருந்து விடுபட்டார்கள். அந்தப் பட்டத்தை மனசுக்குள் கொடுத்தது நான்தான்.

கூடவே வெளிச்சம். குண்டு பல்பு எரியும் திண்ணையில் வகுப்பு வைக்காதீர்கள்.

6. எதில் ஆரம்பிப்பது

நான் ‘அ’வில் ஆரம்பித்தேன், நாம் அப்படித்தானே படித்தோம். ஆனால் ‘அ’ சுழித்து, வளைத்து, கோடு போட்டு முடிகிற எழுத்து. பென்சில் பிடிக்காத கைக்கு அது மலை. ட, ப, ம, ய என்று கோடும் மூலையுமாக இருப்பவற்றில் ஆரம்பித்தால் முதல் நாளே ஓர் எழுத்து கைக்கு வந்துவிடும், இரண்டாம் வாரம் ‘படம்’ என்று ஒரு சொல்லே வந்துவிடும். பீடி மடக்குகிற விரல்களுக்குப் பென்சில் சுலபமாகப் பழகிவிடுகிறது. மண்வெட்டி பிடித்த கைகள்தான் பென்சிலை முறிக்கும். அவர்களுக்குச் சிலேட்டும் தடித்த குச்சியும் கொடுங்கள்.

எல்லோருக்கும் தன் பெயர் முதலில் வேண்டும். வரிசைப்படி எழுத்து வரட்டும் என்று காக்க வைக்காதீர்கள். பெயரை ஒரு படமாகவே பார்த்து வரையட்டும். நூறு நாள் வேலையிலும் மகளிர் குழுவிலும் கைநாட்டு வைக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். மூன்றாம் வாரம் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் நான்காம் வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

பாடப் பொருளுக்கு ஊரைப் பாருங்கள். எங்களுக்குப் பீடிக்கடைப் பாஸ்புத்தகம்தான் சிறந்த பாடநூல். தேதி, இலை எடை, தூள் எடை, கொடுத்த பீடி, கழித்த பீடி எல்லாம் அதில் இருக்கிறது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். இந்தக் கணக்கை மனசுக்குள் என்னைவிட வேகமாகப் போடுபவருக்கு ‘ஒன்று, இரண்டு’ சொல்லிக்கொடுத்து அவமானப்படுத்தியவள் நான். எண் அவர்களுக்குத் தெரியும், எண்ணின் உருவம்தான் தெரியாது. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எண்ணறிவில் பாதி நேரம் மிச்சம். பத்தமடை என்றால் பாய்க் கணக்கு, காருகுறிச்சி என்றால் சட்டி பானைக் கணக்கு, களக்காடு என்றால் வாழைத்தார் என்று நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள்.

அடுத்தது பஸ் பலகை. எங்கள் வகுப்பில் ‘பாபநாசம்’ என்பதை இரண்டாம் மாதம் எல்லோரும் படித்தார்கள். பிறகு செல்போன் எண்கள். சைபர் மோசடி நடந்தால் கூப்பிட வேண்டிய 1930ஐயும் பெண்களுக்கான 181ஐயும் எண் பாடத்திலேயே மனப்பாடம் செய்ய வைத்தேன். வாழ்க்கைத் திறன் என்று திட்டத்தில் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான்.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. நம் பக்கம் பலர் வாயில் பழம் ‘பளம்’தான். சொல்வதெழுதுதலில் ழகரத்துக்கு ளகரம் எழுதினால் முதல் மூன்று மாதம் சிவப்பு மை போடாதீர்கள். அவர் காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அப்புறம், மரியாதை. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஆச்சி, சித்தி, மதினி, அண்ணாச்சி என்று வெளியே எப்படியோ அப்படியே உள்ளேயும். தப்பாகப் படித்தால் கைதட்டிப் பாட்டுப் பாடித் திருத்துவதும் வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டப்படி பாடம் நடப்பதைப் போய்ப் பாருங்கள், எழுத்தை எப்படிப் பிரித்துக் காட்டுகிறார்கள் என்று கற்றுக்கொள்ளுங்கள். பாட்டை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

7. தப்பு நோட்டும் மாதக் கூட்டமும்

நான் ஆசிரியராக ஆனது இந்த இரண்டால்தான்.

தப்பு நோட்டு என்பது நாற்பது பக்க நோட்டு. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஐந்து வரி: எத்தனை பேர், என்ன நடத்தினேன், எங்கே மாட்டினார்கள், என்ன செய்து பார்த்தேன், நாளைக்கு என்ன. அவ்வளவுதான். அரசுப் பதிவேட்டில் எழுதுவதை இதில் எழுதக் கூடாது, அதில் எல்லாம் நன்றாகவே நடக்கும்.

மூன்று வாரம் எழுதிய பிறகு புரட்டியபோது ஒரே விஷயம் பதினோரு இடத்தில் இருந்தது: கொம்பு. ‘கே’ என்று சொன்னால் காதில் முதலில் விழுவது ‘க்’. அதனால் ‘க’வை எழுதிவிட்டுக் கொம்புக்கு வலப்பக்கம் இடம் தேடுகிறார்கள். ஆனால் கொம்பு இடப்பக்கம் போட வேண்டும். ‘கோ’ என்றால் இரு பக்கமும். நமக்குப் பழகிப்போனதால் இது விசித்திரமாகவே தெரிவதில்லை. ‘கவனமாப் பாருங்க’ என்று அதட்டிக்கொண்டிருந்தவள், மறு வாரம் கொம்புகளை மட்டும் அட்டையில் வெட்டி, எழுத்துக்கு முன்னால் வைத்து வைத்து விளையாட விட்டேன். நான்கு நாளில் தீர்ந்தது. கு, சு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும் உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளியதும் இந்த நோட்டைப் பார்த்துத்தான்.

மாதக் கூட்டம்: பக்கத்து ஊர்களில் வகுப்பு எடுக்கும் நான்கு பேரைத் தேடிப் பிடித்தேன். இரண்டாம் ஞாயிறு மதியம், ஒரு பள்ளித் திண்ணை. எல்லோரும் தப்பு நோட்டைக் கொண்டுவர வேண்டும் என்பது ஒரே விதி. ஒருவர் பதினைந்து நிமிடம் பாடம் எடுப்பார், மற்றவர்கள் கற்போராக உட்கார்ந்து இடது கையால் எழுத வேண்டும். இடது கையால் ‘ஞ’ எழுதிப் பாருங்கள், சித்திகள் படும் பாடு புரியும்.

ஒரு முறை எங்களில் ஒருவர் செங்கோட்டை போய்விட்டு வரும்போது மலையாளப் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்தார். அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியும். ஐந்து எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘இந்தப் பக்கத்தில் எங்கெங்கே இருக்கு, கண்டுபிடிங்க’ என்றார். பத்தாம் நிமிடம் தலைவலி. இருபதாம் நிமிடம் ஒருவர் ‘எனக்கு வீட்டில் வேலை இருக்கு’ என்று எழுந்தார். அதே சாக்கை எங்கள் வகுப்பில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துக்கு மேல் நான் நடத்துவதில்லை.

இந்தக் கூட்டத்துக்கு உத்தரவு வேண்டாம், கடிதம் வேண்டாம். பள்ளித் திண்ணைக்குத் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆசிரியர் பயிற்றுநரையும் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்பதால் வருவது அவர் இஷ்டம். எங்களுக்கு ஒருவர் இரண்டு முறை வந்தார்.

8. 200 மணி நேரத்தை எங்கே தேடுவது

திட்டத்தின் கணக்குப்படி ஆறு மாதத்தில் 200 மணி நேரம் வகுப்பு நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி, வாரம் ஐந்து நாள் என்றால் இருபது வாரம். காகிதத்தில் ஆறு வாரம் மிச்சம் இருக்கும். நெல்லைச் சீமையில் அந்த மிச்சம் எங்கே போகும் என்று சொல்கிறேன்.

பிசான நெல் பருவத்துக்கு நடவு, பிறகு அறுப்பு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயில். அம்மன் கோயில் கொடை விழா வந்தால் ஊரில் யார் காதிலும் பாடம் விழாது, ஸ்பீக்கர் அப்படி. எல்லாவற்றையும்விடப் பங்குனி உத்திரம். எந்த ஊருக்குப் பிழைக்கப் போனவரும் தன் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடும் நாளில் உங்கள் வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். எங்கள் பக்கம் தேர்வு மார்ச்சை ஒட்டி வந்ததால் கடைசி நேரத் திருப்புதல் அதில் அடிபட்டது. ஆரம்பத்திலேயே நாட்காட்டியை எடுத்து இந்த நாட்களை அடித்துவிட்டு மீதியை எண்ணுங்கள்.

நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மாலை ஏழு மணி என்று நான் வைத்தேன். சமையல், சீரியல், வீட்டுக்காரர் என்று மூன்று எதிரிகள். பிறகு மதியம் இரண்டு மணிக்கு மாற்றினோம். பீடி சுற்றுகிற நேரமாயிற்றே என்றால், தட்டோடு வரட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் முக்கால் மணி நேரம் கை பீடி சுற்றும், கண் அட்டையைப் படிக்கும், வாய் சொல்லும். பிறகு தட்டை ஓரம் வைத்துவிட்டு எழுத்து. பார்வையிட வந்த ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. வருகை ஐந்திலிருந்து பதினாறு ஆனதைக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பள்ளி நடக்கும் நேரம் என்பதால் சத்துணவுக் கூடத் திண்ணைக்குத் தலைமையாசிரியரின் சம்மதம் வாங்கினோம். ஆண்கள் மூன்று பேர் மதியம் வர முடியாது, அவர்களுக்கு வாரம் மூன்று இரவு தனியாக.

9. தேர்வு நாள்

அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. படித்தல் 50, எழுதுதல் 50, கணக்கு 50. மூன்று மணி நேரம். ஒவ்வொன்றிலும் 33 சதவீதம், அதாவது 17 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பெயரில் வரும். ஞாயிற்றுக்கிழமையில், காலை 10 முதல் மாலை 5 வரைக்குள் வசதிப்பட்ட நேரத்தில் வந்து எழுதலாம் என்று வைத்திருந்தார்கள். இதைக் கற்போரிடம் பலமுறை சொல்லுங்கள். ‘பத்து மணிக்குப் போகலையே, இனி விடமாட்டாங்க’ என்று என் வகுப்பில் ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மாதம் முன்பிருந்தே வினாத்தாள் வடிவத்தைப் பழக்குங்கள். விடை தெரிந்தும் கட்டத்துக்குள் எழுத வேண்டும் என்று தெரியாமல் தாளின் பின்பக்கம் எழுதியவர் உண்டு. தோற்றவர்கள் மறுபடி எழுதலாம். தேர்ச்சி பெற்றவர் மேலே படிக்கக் கேட்டால், திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் இருக்கின்றன, 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையானவை. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது.

10. உங்களுக்கென்று ஒரு பட்டம் வேண்டுமென்றால்

எல்லோருக்கும் தேவையில்லை. இரண்டு வருடம் வகுப்பு எடுத்துப் பார்த்துவிட்டு, இதுதான் என் வழி என்று தோன்றினால் மட்டும். இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், முதியோர் கல்வியில் முதுகலை இருக்கிறது. ஏதாவது ஒரு இளங்கலை போதும், குறைந்தது இரண்டு வருடம். நமக்கு மண்டல மையம் மதுரை. பாடம் ஆங்கிலத்தில். பணம் கட்டும் முன் இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடக்கும் பாடநூலில் ஓர் அலகைப் படித்துப் பாருங்கள், முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும். அந்தப் பருவத்தில் சேர்க்கை திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு பருவம்.

பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார், படம், கையெழுத்து இவற்றோடு இப்போது இரண்டு அடையாள எண்கள் கேட்கிறார்கள்: கல்வி மதிப்பு வங்கி (ஏபிசி) எண், தொலைநிலைப் படிப்புக்கான டெப் எண். முதலாவது இருந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, சான்றிதழில் ஒரு எழுத்து என்றிருந்தால் இங்கேதான் மாட்டும். கடைசி நாளுக்கு முந்தின இரவு உட்காராதீர்கள். சேர்ந்த பிறகு இரண்டாம் வருடத்துக்கு நீங்களே மறுபதிவு செய்ய வேண்டும், தானாக நடக்காது. தேர்வுக் கட்டணமும் தனி, தேர்வு விண்ணப்பமும் தனி. நான் ஒரு தேர்வை இப்படித் தவறவிட்டு ஆறு மாதம் காத்திருந்தேன்.

காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் கல்விக்கென்று துறை இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

11. கைக்காசு

பாடப்புத்தகம் திட்டத்திலேயே வரும், சில சமயம் தாமதமாக. வரும்வரை நகல் எடுத்துத்தான் ஓட்ட வேண்டும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால் எனக்குப் போக்குவரத்துச் செலவு அநேகமாக இல்லை. ஆண் தன்னார்வலர்கள் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பதினெட்டுப் பேர் வகுப்பில் ஆறு மாதத்துக்கு என் கையிலிருந்து போனது: நகல் 380 ரூபாய், அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் 260, ஆறு சிலேட்டு 240, முகாமுக்குப் போக முடியாத நான்கு பேருக்கு வாசிப்புக் கண்ணாடி 600. ஆக 1,480. இதில் சேராதது டீ. அது 900.